முடி கொட்டுகிறது, எந்த வைட்டமின் எடுக்கலாம்?

கேள்வி சுருக்கமாக இதுதான். கேட்டவர் 29 வயதுப் பெண். நான்கு மாதங்களுக்கு முன் எடை குறைக்கக் கடுமையான டயட்டில் இறங்கி, ஆறே வாரத்தில் 9 கிலோ குறைந்திருக்கிறார். இப்போது ஒரு மாதமாகத் தலைக்குக் குளித்தாலும் சீவினாலும் கொத்துக் கொத்தாக முடி வருகிறது. தினமும் 10,000 மைக்ரோகிராம் பயோட்டின் என்ற வைட்டமின் எடுக்கிறார், பலன் தெரியவில்லை. கூடவே வைட்டமின் ஏ, ஈ, ஜிங்க் எல்லாம் சேர்த்துக்கொள்ளலாமா, எந்த மாத்திரை நல்லது என்று கேட்டிருக்கிறார்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இப்போதைக்கு எந்த மாத்திரையையும் கூட்ட வேண்டாம். நீங்கள் எழுதியதில் எனக்கு முக்கியமாகப் பட்டது போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போன அந்த டயட்தான். நான்கு மாதத்துக்கு முன் டயட், ஒரு மாதமாக முடி உதிர்வு. நடுவில் மூன்று மாதம். இந்த மூன்று மாதக் கணக்கு புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளிவாகும்.

தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் ஓடுகிறது. வளரும் பருவம் 2 முதல் 6 ஆண்டு வரை நீளும். பிறகு இரண்டு மூன்று வாரத்தில் வேர் சுருங்கி அடங்கும். அப்புறம் இரண்டு மூன்று மாதம் வளராமல் அப்படியே இருந்துவிட்டு உதிரும், அதே வேர்க்காலில் அடுத்த முடி முளைக்கும். சாதாரணமாக நூற்றுக்கு 85 முதல் 90 முடி வளரும் பருவத்திலும் மீதி ஓய்விலும் இருக்கும். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது இயல்பு என்று சொல்வது இதனால்தான்.

உடம்புக்குப் பெரிய அடி விழும்போது இந்தக் கணக்கு குலைகிறது. கடுமையான காய்ச்சல், பிரசவம், அறுவை சிகிச்சை, திடீர்ப் பட்டினி, எது வேண்டுமானாலும் இருக்கலாம். வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அந்த வாரத்தில் ஒன்றும் கொட்டாது. ஓய்வுக் காலம் முடிந்த பிறகுதான் எல்லாம் சேர்ந்து கையோடு வரும். இதற்கு டெலோஜென் எஃப்ளூவியம் என்று பெயர். ஆல்பர்ட் கிளிக்மேன் என்ற தோல் மருத்துவர் 1961-ல் இதை விவரித்தார்.

நடுவில் வரும் இந்த இடைவெளி இரண்டு வகையில் நம்மைக் குழப்புகிறது. முடி கொட்டத் தொடங்கியதும் போன வாரம் மாற்றிய ஷாம்பூ, குளிக்கும் தண்ணீர், நேற்று சரியாகத் தூங்காதது என்று பக்கத்தில் இருப்பதன் மேல் பழி போடுகிறோம். மூன்று மாதம் பின்னோக்கி யாரும் போவதில்லை. இன்னொரு பக்கம், இந்த வகை உதிர்வு காரணம் விலகியபின் மூன்று முதல் ஆறு மாதத்தில் தானாகவே அடங்கிவிடும். அந்த நேரத்தில் எந்த மாத்திரை கையில் இருக்கிறதோ அதற்குப் பெயர் போய்விடுகிறது. "எனக்கு அது நன்றாகக் கேட்டது" என்று மனதாரச் சொல்கிறவர்கள் பொய் சொல்வதில்லை, ஆனால் அந்த மாத்திரை இல்லாமலும் முடி நின்றிருக்கும். முடிக்கான வைட்டமின் வியாபாரம் இவ்வளவு செழிப்பதற்கு இது பெரிய காரணம் என்று நான் நினைக்கிறேன்.

மாத்திரை பற்றிப் பேசுமுன் கொட்டும் முடியைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். சீப்பில் வந்த முடிகள் நாலைந்தை வெள்ளைத் துணியிலோ காகிதத்திலோ வைத்து, நல்ல வெளிச்சத்தில் இரு முனைகளையும் பாருங்கள். ஒரு முனையில் கடுகில் பாதிகூட இல்லாத, வெளுத்த சிறு குமிழ் தெரிந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஆயுள் முடிந்து கழன்ற முடியின் அடையாளம் அது. பலர் அதைப் பார்த்து வேரே போய்விட்டது, இனி முளைக்காது என்று பயப்படுகிறார்கள். வேர்க்கால் தோலுக்குள் அப்படியே இருக்கிறது, பயம் வேண்டாம். குமிழே இல்லாமல் இரு முனையும் வெறுமனே முறிந்திருந்தால் அது உடைந்த முடி. சூடு, சாயம், இறுக்கிக் கட்டுவது, ரசாயனம் போட்டு நேராக்குவது ஆகியவை அதற்குக் காரணங்கள். உடையும் முடிக்கு எந்த வைட்டமினும் உதவாது, ஏனென்றால் தோலுக்கு வெளியே இருக்கும் முடி உயிரற்றது. சாப்பிடுவதெல்லாம் வேர்க்காலுக்குத்தான் போகும், ஏற்கெனவே வளர்ந்து தொங்கும் முடிக்குப் போகாது.

சரி, உணவுக்கு வருவோம். முடி கிட்டத்தட்ட முழுக்கக் கெரட்டின் என்ற புரதம். வேர்க்காலின் அடியில் முடியை உருவாக்கும் செல்கள் உடம்பிலேயே மிக வேகமாகப் பெருகும் செல்களில் சேர்ந்தவை. வேகமாகப் பெருகுவதால் அவற்றுக்குச் சக்தியும் புரதமும் இரும்பும் இடைவிடாமல் வேண்டும். இதயம், மூளை, ஈரல் போல முடி உயிர்காக்கும் வேலை எதுவும் செய்வதில்லை. வரவு குறைந்தால் உடம்பு முதலில் கைவைக்கும் செலவுகளில் முடியும் ஒன்று. நாளெல்லாம் 800 கலோரி, 1,000 கலோரி என்று சாப்பிட்டு எடையை வேகமாக இறக்கினால் நடப்பது இதுதான். எடை குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் மூன்று, நான்கு மாதத்தில் இப்படிக் கொட்டுவது மிகவும் சகஜம்.

அதனால் உங்கள் விஷயத்தில் முதல் மருந்து போதுமான சாப்பாடு. அதிலும் குறிப்பாகப் புரதம். பெரியவர்களுக்கு ஒரு கிலோ உடல் எடைக்குக் குறைந்தது 0.8 கிராம் புரதம் என்பது பொதுவான கணக்கு. 60 கிலோ எடைக்கு 48 கிராம் வரும். எடை குறைக்கும் காலத்தில் இன்னும் கொஞ்சம் கூடுதலாக, கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் வரை வைத்துக்கொள்வது நல்லது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 8 கிராம், வேகவைத்த பருப்பு 100 கிராமில் 9 கிராம், மீனோ கோழியோ 100 கிராமில் 20 கிராமுக்கு மேல், ஒரு கை கொட்டைகளில் 5, 6 கிராம் என்று தோராயமாக மனதில் வைத்துக்கொண்டால் தட்டைப் பார்த்தே கூட்டிவிடலாம். டயட்டில் இருந்த நாட்களில் நீங்கள் சாப்பிட்டதை இப்படி ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள். காலையில் பழம், மதியம் சாலட், இரவு சூப் என்று ஓட்டியிருந்தால் 25 கிராமைத் தொடுவதே கஷ்டம்.

புரதம் மிகவும் குறைந்தால் முடியில் என்ன ஆகும் என்பதற்குக் குவாஷியோர்கர் என்ற குழந்தைகள் நோய் கண்கூடான சாட்சி. அந்தக் குழந்தைகளின் முடி நிறம் வெளுத்துச் செம்பட்டையாகி, மெலிந்து, லேசாக இழுத்தாலே வந்துவிடும். நல்ல சாப்பாடு கிடைத்த மாதங்களில் கருமையும் கிடைக்காத மாதங்களில் வெளுப்புமாக ஒரே முடியில் பட்டை பட்டையாகத் தெரியும். பட்டினியின் மாதங்கள் அந்த முடியில் வரிசையாகப் பதிவாகியிருக்கும்.

கொழுப்பையும் ஒரேயடியாக விலக்க வேண்டாம். லினோலெயிக் அமிலம் போன்ற சில கொழுப்பு அமிலங்களை உடம்பால் செய்துகொள்ள முடியாது, சாப்பாட்டில் இருந்துதான் வர வேண்டும். அது மிகவும் குறைந்தவர்களுக்குத் தோல் வறண்டு செதில் விடும், முடியும் கொட்டும். கொஞ்சம் சமையல் எண்ணெய், விதைகள், கொட்டைகள் இருந்தாலே இது சரியாகிவிடும். அதற்கென்று தனி மாத்திரை தேவையில்லை.

அடுத்தது இரும்பு. மாதவிடாய் உள்ள பெண்களுக்கு முடி கொட்டினால் நான் முதலில் சந்தேகப்படுவது இதைத்தான். செல் ஒன்று இரண்டாகப் பிரிய வேண்டுமானால் புதிய டிஎன்ஏ வேண்டும், அதைத் தயாரிக்கும் வேலையில் இரும்பு இல்லாமல் இயங்காத ஒரு நொதி இருக்கிறது. வேகமாகப் பெருகும் வேர்க்கால் செல்களுக்கு இந்தத் தட்டுப்பாடு சீக்கிரம் உறைக்கும் என்று கருதப்படுகிறது.

இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருக்கிறது, அதனால் எனக்கு ரத்தசோகை இல்லை, இரும்பு போதும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உடம்பு இரும்பைக் கையிருப்பாகச் சேர்த்து வைக்கிறது. பற்றாக்குறை வந்தால் முதலில் கரைவது அந்தக் கையிருப்பு. கையிருப்பெல்லாம் காலியான பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கும். கையிருப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் என்ற சோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோலில் பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் 15-க்குக் கீழே போனால் இரும்புக் குறைபாடு. முடி விஷயத்தில் அது குறைந்தபட்சம் 30, 40-ஆவது இருக்கட்டும் என்று பல தோல் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். இந்த எல்லைக்கோட்டில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை, ஆய்வுகளும் இரு பக்கமும் பேசுகின்றன. ஆனாலும் 12, 14 என்று ஃபெரிட்டின் இருக்கும் ஒருவருக்கு முதலில் இரும்பைச் சரிசெய்யாமல் வேறு எதைக் கொடுத்தும் பயனில்லை என்பது என் உறுதியான எண்ணம். இன்னொன்று, உடம்பில் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும். சளி, காய்ச்சல் இருக்கும் வாரத்தில் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

சாப்பாட்டில் இரும்பு என்றால் இறைச்சி, மீன் இவற்றில் உள்ளது எளிதாக உடம்பில் சேரும். பருப்பு, பயறு, கீரை, தானியங்களில் உள்ள இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. ஆனால் அதைக் கூட்டவும் வழி உண்டு. அதே வேளைச் சாப்பாட்டில் எலுமிச்சை, ஆரஞ்சு, கொய்யா, தக்காளி, குடைமிளகாய் என்று வைட்டமின் சி உள்ள ஒன்று இருந்தால் இரும்பு நன்றாக உள்ளே போகும். டீயும் காபியும் அதைத் தடுக்கும். சாப்பிட்டவுடன் டீ குடிக்கும் பழக்கம் இருந்தால் ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்கள். கால்சியம் மாத்திரை எடுப்பவர்கள் அதை வேறு வேளைக்கு மாற்றிவிடுங்கள். பயறை ஊறவைப்பது, முளைகட்டுவது, மாவைப் புளிக்க வைப்பது எல்லாம் இரும்பையும் ஜிங்கையும் கட்டிப்போடும் ஃபைட்டேட் என்ற பொருளைக் குறைக்கின்றன.

இரும்பு மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவர் சொல்லி எடுங்கள், அளவு அவர் சொல்லட்டும். ஒரு விஷயம் மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவரிடமே கேளுங்கள்: இரும்புக் கையிருப்பு குறைந்த இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வு ஒன்று 2017-ல் வெளிவந்தது. தினமும் எடுப்பதைவிட ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுக்கும்போது, ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கூடுதல் பங்கு இரும்பு உடம்பில் சேர்ந்தது. ஒரு மாத்திரை போனதும் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் ஏறி, ஒரு நாள் வரை அடுத்த இரும்பை உள்ளே விடாமல் தடுக்கிறது. வயிற்றுக் கோளாறும் மலச்சிக்கலும் வந்து பாதியில் நிறுத்துபவர்களுக்கு இது பெரிய ஆறுதல். தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள் இரும்பை அதிலிருந்து நான்கு மணி நேரம் தள்ளி எடுக்க வேண்டும். சோதிக்காமல் தானாக வாங்கிச் சாப்பிடவே கூடாது, ஏனென்றால் பரம்பரையாக இரும்பு தேங்கும் நோய் உள்ளவர்களுக்கும் சிலவகைத் தலசீமியா (பரம்பரை ரத்தக் கோளாறு) உள்ளவர்களுக்கும் கூடுதல் இரும்பு ஈரலையும் இதயத்தையும் கெடுக்கும். வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்த மாத்திரை கண்டிப்பாகக் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். குழந்தைகள் மிட்டாய் என்று நினைத்து விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இப்போது பயோட்டின். இது பி வைட்டமின்களில் ஒன்று. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்குப் போதும் என்று வைத்திருக்கும் அளவு 30 மைக்ரோகிராம். நீங்கள் எடுப்பது 10,000. அதாவது ஒரு வருடத்துக்கு வேண்டியதற்கு நெருக்கமான அளவை ஒவ்வொரு நாளும் விழுங்குகிறீர்கள். வேண்டாததைச் சிறுநீரகம் வெளியே அனுப்பிவிடும். முட்டை, கொட்டைகள், பயறுகள், மீன் என்று பல உணவுகளில் பயோட்டின் இருப்பதால் சாதாரணமாகச் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைபாடு வருவது மிக அரிது.

குறைபாடு வந்தால் முடி கொட்டும் என்பது உண்மை. விளம்பரங்கள் இந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. பச்சை முட்டை வெள்ளைக்கருவை மாதக்கணக்கில் தின்பவர்களுக்கு அப்படி ஆகலாம், அதில் உள்ள அவிடின் என்ற புரதம் பயோட்டினைப் பிடித்துக்கொண்டு விடாது. வேகவைத்த முட்டையில் அந்தப் பிரச்சினை இல்லை. பயோட்டினிடேஸ் என்ற நொதி பிறவியிலேயே குறைந்த குழந்தைகளுக்கும் சில வலிப்பு மருந்துகளை நெடுநாள் எடுப்பவர்களுக்கும் குறையலாம். இவர்களுக்குப் பயோட்டின் கொடுத்தால் முடி அழகாகத் திரும்பி வரும். குறைபாடே இல்லாத ஒருவருக்குக் கொடுத்து முடி கூடியது என்று நிரூபிக்கும் நல்ல ஆய்வு எதுவும் கிடையாது.

பயனில்லாவிட்டாலும் கெடுதல் இல்லையே என்று விட்டுவிடலாம் என்றால், அப்படியும் விட முடியவில்லை. பல ஆய்வகக் கருவிகள் ரத்தச் சோதனைக்கே பயோட்டினை ஒரு பசை போலப் பயன்படுத்துகின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்துகொண்டிருந்தால் அந்தக் கணக்கு தவறும். தைராய்டு சோதனையில், தைராய்டைத் தூண்டும் ஹார்மோனான டிஎஸ்எச் குறைவாகவும் தைராய்டு ஹார்மோனான டி4 அதிகமாகவும் காட்டி, இல்லாத தைராய்டு மிகைச்சுரப்பு நோயை இருப்பதாகக் காட்டிவிடும். சில கருவிகளில் ஃபெரிட்டின், பி12, வைட்டமின் டி அளவுகளும் மாறிப்போகும். இதைவிடப் பயங்கரமானது ட்ரோபோனின். மாரடைப்பைக் கண்டுபிடிக்கும் சோதனை அது. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் 2017 நவம்பரில் இதுபற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அதிக அளவு பயோட்டின் எடுத்துக்கொண்டிருந்த ஒருவருக்கு ட்ரோபோனின் தவறாகக் குறைவாகக் காட்டியதையும் அவர் இறந்துபோனதையும் அதில் குறிப்பிட்டது. முடிக்காக எடுக்கும் மாத்திரை என்று மருத்துவரிடம் சொல்லவே யாருக்கும் தோன்றாது. தயவுசெய்து சொல்லுங்கள்.

ஜிங்க், அதாவது துத்தநாகம், குறைந்தாலும் முடி மெலியும். வாயைச் சுற்றிப் புண், ஆற மறுக்கும் காயங்கள், நாக்கில் ருசி குறைவது ஆகியவை கூடவே வரும். உடம்பு ஜிங்கை உறிஞ்சிக்கொள்ள முடியாத ஒரு பிறவி நோயில் குழந்தைகளுக்கு முடியே கொட்டிப்போய், ஜிங்க் கொடுத்ததும் திரும்ப வளர்வதைப் பார்க்கலாம். பெண்களுக்கு நாளுக்கு 8 மி.கி., ஆண்களுக்கு 11 மி.கி. போதும். பெரியவர்களுக்கு மேல்வரம்பு 40 மி.கி. கடையில் கிடைக்கும் மாத்திரைகள் பலவற்றில் ஒன்றிலேயே 50 மி.கி. இருக்கிறது. மாதக்கணக்கில் அப்படி எடுத்தால் தாமிரம் உடம்பில் சேர்வது தடைபட்டு, ரத்தசோகையும் நரம்புக் கோளாறும் வரும். இறைச்சி, கடல் உணவு, பூசணி விதை, பயறு, பால் பொருட்கள் சாப்பிடுகிறவருக்குத் தனி ஜிங்க் தேவைப்படுவது அரிது.

நீங்கள் சேர்க்க நினைக்கும் வைட்டமின் ஏ பற்றித்தான் எனக்கு மிகவும் கவலை. இது கூடினால் முடி கொட்டும். குறைந்தாலும் பிரச்சினை, ஆனால் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறவர்களிடம் கூடுவதைத்தான் அதிகம் பயப்பட வேண்டும். ரெட்டினால் வடிவில் நாளுக்கு 3,000 மைக்ரோகிராம், அதாவது 10,000 ஐ.யு. (லேபிளில் போடும் சர்வதேச அலகு), மேல்வரம்பு. முடிக்கு ஒன்று, சருமத்துக்கு ஒன்று, பொது மல்டிவைட்டமின் ஒன்று என்று மூன்று டப்பா வைத்திருப்பவர் தெரியாமலே இதைத் தாண்டிவிடுவார். கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் உபரி வெளியே போகாமல் ஈரலில் தங்கும். அண்டார்க்டிகாவில் 1912-13-ல் டக்ளஸ் மாசன், சேவியர் மெர்ட்ஸ் என்ற ஆய்வுப் பயணிகள் இருவர் உணவுப் பொருட்களை இழந்து, வண்டி இழுத்த நாய்களின் ஈரலைத் தின்று நடந்தார்கள். தோல் உரிந்தது, முடி உதிர்ந்தது, மெர்ட்ஸ் 1913 ஜனவரியில் இறந்தார். அந்த ஈரல்களில் இருந்த அளவுக்கு மீறிய வைட்டமின் ஏ காரணமாக இருக்கலாம் என்று பிற்காலத்தில் ஆய்வாளர்கள் கருதினார்கள். இன்னொரு முக்கியமான எச்சரிக்கை: கர்ப்பமாகும் வாய்ப்புள்ள பெண்கள் அதிக அளவு ரெட்டினால் எடுத்தால் கருவில் குறை ஏற்படலாம். கேரட், கீரை, மாம்பழத்தில் உள்ள பீட்டா கரோட்டின் வேறு. உடம்பு தனக்கு வேண்டிய அளவுக்குத்தான் அதை வைட்டமின் ஏ ஆக மாற்றும், எனவே அவற்றைத் தாராளமாகச் சாப்பிடலாம்.

செலினியமும் இதே கதைதான். நாளுக்கு வேண்டியது 55 மைக்ரோகிராம், மேல்வரம்பு 400. கூடினால் முடி கொட்டும், நகம் கழன்று விழும். 2008-ல் அமெரிக்காவில் ஒரு திரவ சத்து டானிக்கில் லேபிளில் போட்டதைப்போல் ஏறக்குறைய 200 மடங்கு செலினியம் தவறுதலாகக் கலந்துவிட்டது. 200 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள், அவர்களில் பெரும்பாலோருக்கு முடி கொட்டியது. பல நாடுகளில் சத்து மாத்திரைகள், மருந்துகளைப் போல விற்பனைக்கு முன் சோதிக்கப்படுவதில்லை என்பதை இதோடு சேர்த்து யோசியுங்கள். பிரேசில் கொட்டை பிடிக்குமென்றால் நாளுக்கு ஒன்று, இரண்டோடு நிறுத்துங்கள், அதில் செலினியம் மிக அதிகம்.

வைட்டமின் டி கொஞ்சம் வித்தியாசமானது. வேர்க்கால் செல்களில் இதை ஏற்கும் ஏற்பி இருக்கிறது. அந்த ஏற்பி பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்குத் தலையில் முடியே இல்லாமல் போகிறது. எனவே முடிச் சுழற்சியில் அதற்கு வேலை உண்டு என்பது நிச்சயம். பொட்டுப் பொட்டாகச் சொட்டை விழும் அலோபேசியா ஏரியேட்டா உள்ளவர்களிடம் டி குறைவாக இருப்பதையும் பார்க்கிறார்கள். குறைவாக இருந்தால் சரிசெய்யுங்கள், எலும்புக்காகவாவது அது அவசியம். நாளுக்கு 600 ஐ.யு. பொதுத் தேவை, மருத்துவர் சொல்லாமல் 4,000-ஐத் தாண்டக் கூடாது. சரியான அளவில் இருப்பவர் அதை இன்னும் ஏற்றினால் முடி அடர்த்தியாகும் என்பதற்கு ஆதாரமில்லை.

பி12 சைவம் சாப்பிடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது, முற்றிலும் பால் முட்டை கூடத் தொடாதவர்கள் கட்டாயம் மாத்திரையாகவாவது எடுக்க வேண்டியது. சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவர்களுக்கும் நெடுநாள் அமிலம் குறைக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது குறையும். பி12 குறைவு இளநரையோடு தொடர்புடையது, சிலருக்குச் சரிசெய்தபின் நிறம் திரும்பியிருக்கிறது. வயதாலோ பரம்பரையாலோ வரும் நரைக்கு அந்த நம்பிக்கை வேண்டாம்.

வைட்டமின் சி மிகவும் குறைந்து ஸ்கர்வி வந்தால் உடம்பு முடி சுருள் கம்பி போல முறுக்கிக்கொள்ளும், ஆனால் பழம் சாப்பிடுகிறவருக்கு அதெல்லாம் வராது. வைட்டமின் ஈ தனியாக வேண்டாம், ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு அதிக அளவு ஈ ஆபத்தும்கூட. கொலாஜன் பவுடர் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அடுத்து அதுதான் கண்ணில் படும். வயிற்றுக்குள் போனதும் மற்ற புரதங்களைப் போல அதுவும் அமினோ அமிலங்களாகப் பிரிந்துவிடும். கெரட்டினுக்கு மிகவும் வேண்டிய சிஸ்டீன் அதில் மிகக் குறைவு, அந்த வகையில் முட்டை எவ்வளவோ மேல். முடிக்கென்று மிட்டாய் போல விற்கும் 'கம்மி'களில் பலவற்றில் சர்க்கரை இருக்கும், உண்மையில் தேவைப்படக்கூடிய இரும்பு இருக்காது. முடியை வெட்டி அனுப்பினால் எந்தச் சத்து குறைவு என்று சொல்லும் சோதனைகளுக்கும் பணம் செலவழிக்காதீர்கள், உடம்பின் சத்து நிலையை அவை நம்பகமாகக் காட்டுவதில்லை.

சாப்பாட்டுக்குச் சம்பந்தமில்லாத முடி உதிர்வும் நிறைய உண்டு. அதையும் சொல்லாவிட்டால் இந்தப் பதில் அரைகுறையாகிவிடும். வகிடு மட்டும் மெல்ல மெல்ல அகலமாவது, ஆண்களுக்கு நெற்றி ஓரமும் உச்சியும் காலியாவது எல்லாம் பரம்பரையும் ஹார்மோனும் சேர்ந்து செய்யும் வேலை. அதற்கு மினாக்ஸிடில் போன்ற மருந்து உண்டு, எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ அவ்வளவு நல்லது. மாதவிடாய் தாறுமாறாக இருந்து, முகப்பருவும் முகத்தில் முடியும் சேர்ந்து வந்தால் பிசிஓஎஸ் என்ற சினைப்பை, ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். களைப்பு, குளிர் தாங்காமை, மலச்சிக்கல், எடை கூடுவது என்றால் தைராய்டு. நாணய அளவில் வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத்தோலில் எரிச்சல், செதில், சீழ், வலி இருந்தாலோ வைட்டமின் யோசனையை விட்டுவிட்டுத் தோல் மருத்துவரிடம் போங்கள். சில நோய்களில் வேர்க்காலே தழும்பாகிவிடும், அங்கே தாமதம் செய்தால் போன முடி போனதுதான். எனக்குத் தெரிந்து பெரிய நஷ்டம் இதுதான்: ஒரு வருடம் மாத்திரை மாற்றி மாற்றிச் சாப்பிட்டுவிட்டு, மருந்தால் காப்பாற்றியிருக்கக்கூடிய முடி போன பிறகு வருவது.

உங்களுக்கு வகிடு அகலமாகாமல், தலை முழுக்கச் சமமாக உதிர்கிறது என்றால் டயட்தான் காரணம் என்று நான் நம்புகிறேன். வேறு டயட் தொடங்காமல், எடை நிலையாக நிற்கும் அளவுக்கு மூன்று வேளையும் சாப்பிடுங்கள், ஒவ்வொரு வேளையிலும் புரதம் ஒன்று இருக்கட்டும். இன்னும் குறைக்க வேண்டும் என்றால் சில மாதம் கழித்து, வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகத்தில் போகலாம். உதிர்வு உடனே நிற்காது. ஏற்கெனவே ஓய்வுக்குப் போன முடி அத்தனையும் உதிர்ந்துதான் தீர வேண்டும், அதை எந்த மாத்திரையாலும் பிடித்து நிறுத்த முடியாது. முடி மாதத்துக்கு 1 செ.மீ. அளவில்தான் வளரும் என்பதால் பின்னல் பழைய தடிமனுக்கு வர ஒரு வருடம், அதற்கு மேலும்கூட ஆகலாம். அதற்கு முன்பே ஒரு அடையாளம் தெரியும். நெற்றி ஓரத்திலும் வகிட்டிலும் படியாமல் விறைத்து நிற்கும் குட்டி முடிகளைக் கண்ணாடியில் தேடுங்கள். ஒன்றைப் பிடித்து நுனியைப் பாருங்கள். நுனி ஊசி போலக் கூராக மெலிந்திருந்தால் அது புதிதாக முளைத்தது. மொட்டையாக நறுக்கியதுபோல் இருந்தால் உடைந்தது.

இப்போது செய்ய வேண்டியது: பயோட்டினை இன்றே நிறுத்துங்கள். மூன்று நாள் இடைவெளி விட்டு, முழு ரத்த எண்ணிக்கை, ஃபெரிட்டின், டிஎஸ்எச், பி12, வைட்டமின் டி இவற்றுக்கு ரத்தம் கொடுங்கள். ரிப்போர்ட்டை மருத்துவரிடம் காட்டும்போது டயட் தொடங்கிய தேதியையும், இதுவரை எடுத்த மாத்திரைகளின் பெயரையும் அளவையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். எதாவது குறைவாக வந்தால் அதை மட்டும் அவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொண்டு, எப்போது மறுபடி சோதிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாக வந்து, ஆறு மாதமாகியும் உதிர்வு குறையவில்லை என்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.